படத்தில் விழுந்த கருப்புக் கோடு

ஸ்கேன் சென்டர்களிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "தம்பி, படத்துல கருப்பா ஒரு கோடு விழுது. என்னான்னு வந்து பாத்துட்டுப் போங்க." அந்தக் கோட்டைத் தேடித்தான் பதினெட்டு வருஷமாக மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று வண்டியில் அலைகிறேன். அல்ட்ராசவுண்ட் மெஷின் சர்வீஸ்தான் பிழைப்பு. மதுரை சிம்மக்கல் பக்கம் மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, மல்டிமீட்டர், செத்துப்போன ப்ரோப்களை, அதாவது ஜெல் தடவி உடம்பில் வைத்து நகர்த்தும் கைக்கருவிகளை, போட்டுவைத்திருக்கும் பிஸ்கட் டின். அந்த டின்னின் அடியில் கிடக்கும், முகம் வளைந்த கன்வெக்ஸ் ப்ரோப் ஒன்று என்னால் செத்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் சரிவராது.

அப்போது ஓர் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊருக்குள் ஒரு சின்ன சென்டரில் புது மெஷினை இறக்கி மாட்டிக் கொடுத்தோம். கிளம்பும்போது டாக்டரம்மா கேட்டார்: "ஒவ்வொரு பேஷன்டுக்கு அப்புறமும் இதை எதை வெச்சுத் தொடைக்கணும்?" நான் யோசிக்கவே இல்லை. "ஸ்பிரிட்டைப் பஞ்சுல நனைச்சுத் தொடைங்க மேடம், ஒரு கிருமி நிக்காது" என்றேன். சின்ன வயதிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே எனக்கு ஸ்பிரிட் வாசனைதான். மணந்தால் சுத்தம் என்று புத்தியில் பதிந்திருந்தது. அங்கே உதவிக்கு இருந்த அக்கா நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு முப்பது பேர், ஆளுக்கு ஒரு பஞ்சு.

எட்டாவது மாதம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் படத்தின் இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்பு. ப்ரோப்பைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முகத்தில் இருக்கும் சாம்பல் நிற ரப்பர், அதுதான் லென்ஸ், ஓரத்தில் பிளாஸ்டிக்கை விட்டு நகம் நுழையும் அளவுக்குத் தூக்கி நின்றது. நடுவில் வறண்ட குளத்து மண் மாதிரி பொடிப் பொடியாக வெடிப்பு.

உள்ளே நடந்தது இதுதான். லென்ஸ் சிலிகான் ரப்பர். அதற்குக் கீழே மேட்சிங் லேயர் என்று ஒரு படலம். அதற்கும் கீழே வரிசையாக கிரிஸ்டல்கள், சாதாரண கன்வெக்ஸ் ப்ரோப்பில் 128 இருக்கும், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அளவுதான். எல்லாம் பசையில் ஒட்டியிருப்பவை. ஸ்பிரிட் தினமும் பட்டதில் ரப்பர் வறண்டு இறுகியது, ஓரத்துப் பசை விட்டது, இடுக்கில் காற்று புகுந்தது. அல்ட்ராசவுண்டுக்குக் காற்று மதில் சுவர் மாதிரி, தாண்டாது. வயிற்றில் ஜெல் தடவுவதே தோலுக்கும் ப்ரோப்புக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது என்றுதான். இங்கே காற்று ப்ரோப்புக்குள்ளேயே குடியேறிவிட்டது. எவ்வளவு ஜெல் போட்டாலும் பிரயோஜனமில்லை.

புது ப்ரோப் ஒன்றே முக்கால் லட்சம். மருந்து பட்டுச் சேதமானால் ஏஎம்சியில், அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், வராது என்று எங்கள் ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அக்காவைத்தான் பார்த்து, "இம்புட்டு ஸ்பிரிட்டு ஏன் ஊத்துன?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷினோடு வந்த தடித்த புத்தகம் அலமாரி மேல் பாலிதீன் கவர் பிரிக்காமல் இருந்தது. அன்றைக்குத்தான் பிரித்தேன். எந்தெந்த ப்ரோப்புக்கு எந்தெந்த மருந்து ஆகும், ஆகாது என்று அட்டவணையே போட்டிருந்தான். அந்த மாடலுக்கு ஆல்கஹாலுக்கு நேராகப் பெருக்கல் குறி. ஸ்பிரிட்டும் ஆல்கஹால்தான். எல்லா ப்ரோப்புக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன். சில மாடல்களில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஓரளவு அனுமதிக்கிறார்கள், சிலவற்றில் பிடிக்கும் கைப்பிடிக்கு மட்டும். மாடல் நம்பரைப் பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, மனசு கேட்காமல் போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் அக்காவும் இருந்தார். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி: "இது புஸ்தகத்துல போட்டிருக்கா தம்பி?" போட்டிருக்கிறது என்று பக்கத்தைக் காட்டினால்தான் செய்வார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் பக்கத்தைக் காட்ட வேண்டும். கடைசியில் அந்த அட்டவணையைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதி மெஷினுக்குப் பின்சுவரில் ஒட்டினேன். இப்போது எந்த சென்டருக்குப் போனாலும் முதல் வேலை அதுதான்.

அந்த அட்டையில் முதல் வரி: முதலில் ஜெல்லை எடு. பேஷன்ட் எழுந்ததும், ஜெல் ஈரமாக இருக்கும்போதே, மெத்தென்ற துணியால் வழித்துவிட வேண்டும். சலவைக்குப் போய்ப் போய் நைந்த வெள்ளை வேட்டித் துணியைவிட நல்ல துணி நான் பார்த்ததில்லை. முரட்டு டிஷ்யூ நாள்பட லென்ஸைக் கீறும். ஏசி காற்றில் ஜெல் சீக்கிரம் உலர்ந்து, கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்து, லென்ஸ் ஓரத்திலும் கேபிள் கழுத்திலும் அப்பிக்கொள்ளும். அதன் மேல் எந்த மருந்தைப் போட்டாலும் மருந்து ஜெல்லைத்தான் குளிப்பாட்டும், அடியில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. ஜெல்லை வழித்த பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, தேவைப்பட்டால் துளி சோப்பு, அதன் பிறகு புத்தகம் அனுமதிக்கும் துடைப்பு மருந்து, கடைசியில் உலர்ந்த துணி. காய்ந்து ஒட்டிவிட்டதா, நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை ஐந்து நிமிடம் போர்த்திவைத்தால் தானே இளகிவிடும்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு முறை ஜெல் தீர்ந்துபோய் தேங்காயெண்ணெய் தடவி மூன்று நாள் ஓட்டியிருக்கிறார்கள். படம் நன்றாகத்தான் வந்தது என்று சாதித்தார்கள். வரும். ஆனால் எண்ணெய் ரப்பருக்கு எமன். ப்ரோப்பும் கெடும், மேலே போடும் ரப்பர் உறையும் கெடும்.

இனி அந்தக் கருப்புக் கோட்டுக்கு வருகிறேன். கோடு விழுந்த உடனே ப்ரோப் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். எனக்கு வந்த போன்களில் நிறையப் பழுது ப்ரோப்பிலேயே இல்லை.

முதலில் கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பித்தப்பைக் கல்லுக்கும் நிழல் விழும், ஆனால் அந்த நிழல் கல்லுக்குக் கீழேதான் தொடங்கும். ப்ரோப்பை நகர்த்தினால் படத்தில் கல் இடம் மாறும், நிழலும் கூடவே போகும். கிரிஸ்டல் செத்த கோடு தோலிலிருந்தே, படத்தின் உச்சியிலிருந்தே இறங்கும். வயிறு மாறினாலும் ஆள் மாறினாலும் அதே இடத்தில் நிற்கும்.

அடுத்தது என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஒரு பேப்பர் கிளிப். லென்ஸைச் சுத்தமாகத் துடைத்து, ஜெல் இல்லாமல், ப்ரோப்பைக் காற்றில் பிடிக்க வேண்டும். படத்தின் மேல்பகுதியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சீராக வெள்ளைப் பட்டைகள் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினைக் குறைத்துக்கொண்டு, கிளிப்பின் வழுவழுப்பான வளைவை லென்ஸின் ஒரு முனையில் பட்டும் படாமலும் வைத்து, பைய மறுமுனைக்கு நகர்த்த வேண்டும். கிளிப் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே ஒரு வெளிச்சக் கீற்று இறங்கி, கிளிப்போடு கூடவே நடந்துவரும். எங்கே அந்தக் கீற்று மங்குகிறதோ, காணாமல் போகிறதோ, அங்கே கிரிஸ்டலோ அதற்குப் போகும் வயரோ செத்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை, ஐந்து பைசா செலவில்லை. அழுத்தக் கூடாது என்பது மட்டும் முக்கியம். செகண்ட் ஹேண்ட் ப்ரோப் வாங்குகிறவர்கள் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம். விற்கிறவர் முகம் போகும் போக்கே பாதி பதில் சொல்லிவிடும்.

வயரா கிரிஸ்டலா என்று பிரிக்க இன்னொன்று. கேபிளின் கழுத்தைப் பிடித்து மெதுவாக வளையுங்கள். கோடு மின்னி மின்னி மறைந்தால் வயர். கேபிள் ஒரு விரல் தடிமன்தான், ஆனால் உள்ளே கிரிஸ்டலுக்கு ஒன்றாக மயிரிழை வயர்கள் நூற்றுக்கு மேல் ஓடுகின்றன. மெஷினைத் தள்ளும்போது சக்கரம் கேபிள் மேல் ஒரு முறை ஏறி இறங்கினால் போதும். என் டின்னில் கிடப்பவற்றில் சரிபாதி சக்கரம் ஏறியவை. பக்கவாட்டுக் கொக்கியில் பெரிய வளையமாகச் சுற்றி மாட்டுங்கள். இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட வேண்டாம்.

திருமங்கலத்தில் ஒரு டாக்டர், பிறப்புறுப்பு வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் டிவிஎஸ் ப்ரோப்பில் நடுவில் கருப்பு என்று பதறிப்போய் அழைத்தார். போய் கிளிப்பை ஓட்டிப் பார்த்தால் ஒரு கிரிஸ்டல்கூடக் குறையவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண், ப்ரோப் முனையில் ஜெல் வைக்காமலே உறையை மாட்டியிருந்தாள். உறைக்குள் காற்றுக் குமிழ். முனையில் ஒரு சொட்டு ஜெல் விட்டு, உறையை மாட்டி, குமிழை விரலால் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினேன். கோடு போய்விட்டது. அந்த டாக்டர் என் விசிட்டிங் சார்ஜைக் கொடுக்கும்போது சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டிவிஎஸ் என்று பேச்சு வந்துவிட்டதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலரும் கூச்சத்தில் விட்டுவிடும் இடம் இது.

உறை போட்டுத்தானே உள்ளே விடுகிறோம், உறையைக் கழற்றித் துடைத்தால் போதாதா என்று கேட்காத சென்டர் இல்லை. போதாது. உறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கிழியலாம், கழற்றும் கையே ப்ரோப்பில் பட்டுவிடலாம். மருத்துவக் கருவிகளை எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்கர் மூன்றாகப் பிரித்துவைத்தார், உலகம் முழுக்க அந்தக் கணக்குதான் இன்றைக்கும். காயமில்லாத தோலை மட்டும் தொடுவது ஒரு வகை, அதற்குத் துடைப்பு மருந்து போதும். உடம்புக்குள் சளிச்சவ்வைத் தொடுவது இரண்டாவது வகை, அதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் வேண்டும். ரத்தத்துக்குள்ளும் திசுவுக்குள்ளும் போவது மூன்றாவது, அது முழுக்க ஸ்டெரைல் ஆக வேண்டும். டிவிஎஸ் ப்ரோப் இரண்டாவது வகை. உறை போட்டாலும் இரண்டாவது வகைதான்.

இந்த உயர்நிலைக் கிருமிநீக்கத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியில் வேலை செய்யும் பெட்டிகள் வந்துவிட்டன. நம் பக்கத்துச் சின்ன சென்டர்களுக்குக் கட்டுப்படியாகிற வழி கரைசலில் ஊறவைப்பது. முன்னால் குளுட்டரால்டிஹைடு, மூக்கைத் துளைக்கும், கண் எரியும். இப்போது பலர் 0.55 சதவீத ஓபிஏ என்ற கிருமிநாசினிக் கரைசலுக்கு மாறிவிட்டார்கள். நான் அந்த அக்காவிடம் முதன்முதலாக ஓபிஏவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"வாசனையே இல்லையே தம்பி. மருந்து செத்துப்போச்சா?"

"இது அப்படித்தான்க்கா. அதிகம் மணக்காது."

"மணக்காத மருந்து எப்படிக் கேக்கும்?" அப்புறம் அவரே, "புஸ்தகத்துல போட்டிருக்கா?"

கரைசல் உயிரோடு இருக்கிறதா என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு டெஸ்ட் ஸ்ட்ரிப் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஊறப்போடும் முன்னும் ஒன்றை முக்கிப் பார்த்து, டப்பாவில் போட்டிருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டு, பாஸ் ஆனால்தான் பயன்படுத்த வேண்டும். பாஸ் ஆகிக்கொண்டே இருந்தாலும் 14 நாளைக்கு மேல் ஒரே கரைசல் ஆகாது. ஊற்றிய தேதியைத் தொட்டி மேல் மார்க்கரில் எழுதச் சொன்னேன். அக்கா காலண்டர் தாளைக் கிழித்தே ஒட்டிவிட்டார், ராகு காலம் எமகண்டத்தோடு.

செய்முறையில் தப்பு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ஊறப்போடும் முன் ஜெல்லைக் கழுவி, துடைத்து, ப்ரோப் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் கரைசல் நீர்த்துக்கொண்டே போகும். ஓபிஏ பாட்டிலில் 20 டிகிரியில் 12 நிமிடம் என்று இருந்தால் 12 நிமிடம். வெளியே கூட்டம் என்று 4 நிமிடத்தில் எடுத்தால் செய்யாததும் ஒன்றுதான். அடுப்படி டைமர் ஒன்று வாங்கிவையுங்கள். ரொம்ப நல்லது என்று ராத்திரி முழுக்க ஊறப்போடவும் கூடாது, ரப்பர் ஊதிவிடும். ப்ரோப்பில் எந்தக் கோடுவரை முக்கலாம் என்று புத்தகத்தில் படம் இருக்கும், கனெக்டரில் ஒரு சொட்டும் படக் கூடாது. முங்காத கைப்பிடியை மறந்துவிடுவார்கள், அதையும் மருந்துத் துணியால் துடைக்க வேண்டும். எடுத்த பிறகு ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில் மூன்று முறை நன்றாக அலச வேண்டும். மிச்ச மருந்து சவ்வில் பட்டால் புண்ணாகும். கையுறை கட்டாயம். இல்லாவிட்டால் ஓபிஏ பட்ட விரல் சாம்பலாகக் கறுத்துவிடும். அக்காவின் கட்டை விரல் ஒரு வாரம் அப்படி இருந்தது. தேர்தல் மை மாதிரி இருக்கிறதே என்று தெருவே கேட்டதாம்.

ப்ரோப்பில் மெல்லிய விரிசல் கண்ணில் பட்டால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கிரிஸ்டல் கெடுவது ஒரு பக்கம், பேஷன்டுக்கு ஷாக் அடிக்க வழி திறந்துவிடுகிறோம்.

ஜெல் பாட்டிலைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 5 லிட்டர் கேன் வாங்கி, சின்ன பாட்டிலில் தீரத் தீர மேலே ஊற்றிக்கொண்டே போவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். பாட்டிலின் அடியில் இருக்கும் ஜெல்லுக்கு வயது ஆறு மாதம்கூட இருக்கும். பர்க்கோல்டேரியா செபாசியா என்று ஒரு பாக்டீரியா, ஜெல்லில் போட்டிருக்கும் பதப்படுத்தியையே தாங்கிக்கொண்டு வளரக்கூடியது. கெட்டுப்போன ஜெல்லால் அது பரவி நோயாளிகள் படுத்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பாட்டில் தீர்ந்தால் புது பாட்டில். முடியாது என்றால் முழுக்கக் காலி செய்து, கழுவி, பொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி, தேதி எழுதி நிரப்புங்கள். பாட்டிலின் மூக்குமுனை பேஷன்டின் தோலில் படக் கூடாது. ஏசி அறையில் ஜெல் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் நாள் முழுக்க நிறுத்திவைப்பதும் ஆகாது, கிருமிக்கு அது இட்லிமாவுக்கு வெயில் மாதிரி. ஊசி குத்தும் வேலைக்கும் புண் உள்ள தோலுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் ஸ்டெரைல் பாக்கெட் ஜெல்தான்.

கீபோர்டுக்கு வருவோம். ட்ராக்பால் சுற்றவில்லை, கர்சர் நடுங்குகிறது என்று அழைப்பு வந்தால் நான் ஸ்க்ரூடிரைவரே எடுப்பதில்லை. சுற்றியிருக்கும் வளையத்தைத் திருகினால் பல மாடல்களில் பந்து கையோடு வந்துவிடும். ஒரு நாள் அண்ணா நகரில் ஒரு சென்டரில் அப்படிக் கழற்றினேன். குழியின் அடியில் உலர்ந்த ஜெல், தலைமுடி, நடுவில் பழுப்பேறிய மல்லிகை இதழ் ஒன்று. உருளையில் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. "மதுரை மல்லியாம்மா" என்று டாக்டரிடம் காட்டினேன். தலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். காதுகுடையும் பஞ்சுக்குச்சியை லேசாக ஈரம் செய்து குழியைத் துடைத்து, பந்தைத் தண்ணீர்த் துணியால் துடைத்து மாட்டினால் தீர்ந்தது. கீபோர்டு மேல் நேராக ஸ்பிரே அடிக்காதீர்கள், துணியில் அடித்துத் துடையுங்கள். ஜெல் கையோடு பட்டனைத் தொடாமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். சாயங்காலம் ஒரு முறையாவது துடைக்கலாம்.

தூசி மேலூர்ப் பக்கம்தான் உச்சம். கிரானைட் பொடி. ஒரு சென்டரில் சித்திரை வெயில் நாட்களில் தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மெஷின் தானாக நின்றுவிடுகிறது, போர்டு போய்விட்டது, மூன்று லட்சம் ஆகும் என்று எவரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மெஷினின் பின்னால் கீழே இருந்த ஃபில்டரை உருவினேன். ஃபில்டர் மாதிரியே இல்லை, சாம்பல் நிறத்தில் கம்பளிப் போர்வைத் துண்டு. ஃபேன் உள்ளே இழுக்கக் காற்றே இல்லை, சூடு ஏறி மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. ஃபில்டரை வெளியே எடுத்துப்போய்த் தட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்திப் போட்டோம். துளி ஈரத்தோடும் மாட்டக் கூடாது. மூன்று லட்ச ரூபாய் போர்டு இன்றைக்கும் அதே மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊருக்குள் மாதம் ஒரு முறை, குவாரிப் பக்கம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறைக்குள்ளேயே ப்ளோயர் போட்டு ஊதினால் தூசி ஒரு சுற்று சுற்றிவிட்டு மெஷினுக்குள்ளேயே திரும்பப் போகும்.

படத்தில் பொறிப்பொறியாக, மழை மாதிரி இரைச்சல் விழுந்தால் ப்ரோப்பைச் சந்தேகிக்கும் முன் எர்த்தைப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. மே மாதம் எர்த் குழி காய்ந்துவிடும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அப்புறம் அளந்து பாருங்கள்.

ப்ரோப்பின் ஆயுளுக்கு நான் சொல்லும் இன்னொரு வழி ஃப்ரீஸ் பட்டன். பேஷன்ட் எழுந்ததும் அழுத்திவிட வேண்டும். அழுத்தாவிட்டால் ஸ்டாண்டில் சும்மா கிடக்கும் ப்ரோப்பும் ஒலியை அனுப்பிக்கொண்டே லென்ஸைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். கனெக்டரைக் கழற்றும் முன்பும் ஃப்ரீஸ்.

ஒரு டாக்டர் கேட்டார்: "மெஷினை உங்க ரூமுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு ரெண்டு நாள்ல கொண்டாந்துருங்களேன்." முடியாது சார் என்றேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் வருஷத்துச் சட்டப்படி எந்த இடத்தில் எந்த மெஷின் என்று பதிவில் இருக்கிறது, நம் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது, பதிவில்லாத இடத்துக்கு விற்கவோ கொடுக்கவோ முடியாது. மெஷின் மாற்றினாலும் அதிகாரிக்கு எழுதித்தான் ஆக வேண்டும். அவருக்கு எரிச்சல். எனக்கு இல்லை. நான் உசிலம்பட்டிச் சாலையில் வாரத்துக்கு இரண்டு முறை போகிறவன். பெண் சிசுக்கொலையில் 1980-களில் அந்த ஊர்ப் பெயர் நாடு முழுக்க அடிபட்ட கதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாததல்ல. அதனால் போர்டு வேலையாக இருந்தாலும் டூல்ஸைத் தூக்கிக்கொண்டு நான்தான் போவேன், மெஷின் வராது.

2020-ல் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் பெரிய வேலை வந்தது. எங்கே பார்த்தாலும் சானிடைசர். கதவுக் கைப்பிடி, நாற்காலி, மெஷின், ப்ரோப் என்று பாகுபாடில்லாமல் அடித்திருந்தார்கள். அதுவும் ஆல்கஹால்தானே. மூன்று மாதத்தில் ஐந்து லென்ஸ் வெடித்ததைப் பார்த்தேன். மானிட்டரின் மேல்பூச்சு உரிந்து மேகமாகிப்போனவை தனி.

அந்தச் சமயம் பழைய அக்கா இருக்கும் சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. மாஸ்க், முகத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு தகடு. வாசலில் நின்றிருந்த பையன் என் கையில் சானிடைசரைக் கொட்டினான். தேய்த்துக்கொண்டே உள்ளே போனேன். கன்வெக்ஸ் ப்ரோப் ஸ்டாண்டில் இருந்தது. அந்த முதல் சம்பவத்துக்கு அப்புறம் வாங்கியது, பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிறது, லென்ஸில் ஒரு கீறல் இல்லை. எடுக்கக் கையை நீட்டினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, பெருந்தொற்றுக் காலம். குறுக்கே வேட்டித் துணியை நீட்டினார்.

"கை காயட்டும் தம்பி. அதுவும் ஸ்பிரிட்டுதான்."